முதியோரைக் கட்டிலிலிருந்து எழுப்பிய மருத்துவர்

மருத்துவமனையில் தாத்தாவையோ பாட்டியையோ பார்க்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. அதற்குள் பிசியோதெரபிஸ்ட் வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி எடுத்துவைக்கச் சொல்வார். சுற்றி நிற்கும் உறவினர்களின் முகம் சுருங்கும். வயதானவரை இப்படியா பாடாய்ப் படுத்துவது, கொஞ்சம் ஓய்வெடுக்க விடக்கூடாதா என்று அத்தையோ சித்தப்பாவோ தாழ்ந்த குரலில் முணுமுணுப்பார்கள்.

முதியவரை எழுப்பி உட்காரவைப்பதும் நடக்கவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று மருத்துவ உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் முதலாவதாக வைக்கப்படுபவர் மார்ஜரி வாரன். இங்கிலாந்தைச் சேர்ந்தவர். 1960ல் காலமானார். பிரிட்டனில் மூப்பியல் மருத்துவத்தின் தாய் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். அந்தத் துறையில் படிக்கும் எவரும் முதல் சில வகுப்புகளுக்குள் அவர் பெயரைக் கேட்டுவிடுவார்கள்.

அவர் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. புதிய கருவியோ அறுவை முறையோ அவர் பெயரில் இல்லை. யாருமே ஒழுங்காகப் பரிசோதித்துப் பார்க்காத சில நூறு நோயாளிகளைப் பரிசோதித்துப் பார்த்தார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஐந்து மகள்களில் மூத்தவர்

மார்ஜரி வின்சம் வாரன் 1897 அக்டோபர் 28ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். ஐந்து மகள்களில் இவர்தான் மூத்தவர். பெண்களுக்குத் தரமான கல்வி தருவதில் பெயர்பெற்ற நார்த் லண்டன் காலேஜியட் பள்ளியில் படித்தார். பிறகு ராயல் ஃப்ரீ மருத்துவமனையோடு இணைந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1923ல் மருத்துவரானார்.

அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த ஒருவரோடு ஒப்பிடலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி பட்டம் பெற்றது 1912ல். அதற்கு 11 ஆண்டுகள் கழித்துத்தான் வாரன் மருத்துவரானார். அப்போதும் லண்டனின் பெரிய கற்பித்தல் மருத்துவமனைகளில் பெண் மருத்துவர்களுக்கு நல்ல பதவி கிடைப்பது அரிதாக இருந்தது. முதல் உலகப் போரின்போது ஆள் பற்றாக்குறையால் மாணவிகளைச் சேர்த்துக்கொண்ட சில மருத்துவக் கல்லூரிகள், போர் முடிந்த சில ஆண்டுகளில் மறுபடியும் கதவைச் சாத்திவிட்டன.

இப்படிப்பட்ட சூழலில் பெண் மருத்துவர்களுக்கு வாய்ப்பு கிடைத்தது பெரும்பாலும் மற்றவர்கள் போக விரும்பாத இடங்களில்தான். 1926ல் வாரன், லண்டனின் மேற்கு ஓரத்தில் இருந்த ஐசல்வர்த் மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். இன்றைய ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து அது அதிகத் தொலைவில்லை. அறுவை சிகிச்சையில் நல்ல அனுபவம் பெற்றார். 1931ல் துணைத் தலைமை மருத்துவரானார். அந்த மருத்துவமனையின் பெயர் பின்னர் வெஸ்ட் மிடில்செக்ஸ் என்று மாறியது. வாழ்நாளின் இறுதிவரை அவர் அங்கேயே பணியாற்றினார்.

சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடம்

மருத்துவமனையை அடுத்து இருந்தது வார்க்வொர்த் ஹவுஸ். அது ஒரு வறியோர் இல்லம். 1834ல் இங்கிலாந்து இயற்றிய சட்டத்தின்படி, பிழைக்க வழியில்லாதவர்கள் உதவி வேண்டுமென்றால் இத்தகைய இல்லங்களுக்குள் போக வேண்டும். வெளியே உழைத்துப் பிழைக்கும் ஏழையின் வாழ்க்கையைவிட உள்ளே இருக்கும் வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பது எழுதிவைக்கப்பட்ட கொள்கை. அப்போதுதான் சோம்பேறிகள் உதவி தேடி வரமாட்டார்களாம். காலப்போக்கில் அங்கே தங்கிப்போனவர்கள் சோம்பேறிகள் அல்லர், நோயாளிகளும் முதியவர்களும்தான். குணமாகி வீடு திரும்பக்கூடியவர்களைத்தான் நன்கொடையில் நடந்த பெரிய மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. பக்கவாதம் வந்து கை, கால் விளங்காமல் போன 75 வயது மூதாட்டிக்கு அங்கே இடமில்லை.

நம் ஊர்க் கதையும் ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்குகிறது. காய்கறியும் பழமும் கோழியும் விற்று வாழ்க்கையைத் தொடங்கி, பெரும் வணிகரான டான் டோக் செங் கொடுத்த 7,000 வெள்ளியில், தெருவில் கிடந்த நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை கட்ட 1844ல் பேர்ல்ஸ் ஹில்லில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பெயரிலேயே வறியோர் மருத்துவமனை என்ற சொல் இருந்தது. 1860களின் தொடக்கத்திலிருந்து 1909 வரை அது இருந்த இடம், சிராங்கூன் ரோடும் பாலஸ்டியர் ரோடும் சந்திக்கும் பகுதி. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். வண்டி இழுத்தவர்கள், கூலி வேலை செய்தவர்கள் உடல் தளர்ந்து ஆதரவில்லாமல் போனபோது வந்து சேர்ந்த இடம் அது. 1909ல் அது இப்போதைய மோல்மீன் ரோட்டுக்கு மாறியது. இந்த மருத்துவமனை கதையில் மறுபடியும் வரும்.

இங்கிலாந்தில் 1929ல் வந்த ஒரு சட்டம் வறியோர் இல்லங்களை உள்ளாட்சி மன்றங்களின் கையில் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1935ல் வார்க்வொர்த் ஹவுஸ் நோயாளிகளையும் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை ஏற்க வேண்டி வந்தது. அந்தப் பொறுப்பு வாரனிடம் வந்தது. பிரசவத்துக்காக இருந்தவர்களையும் மனநலக் கண்காணிப்பில் இருந்தவர்களையும் தனியே பிரித்த பிறகு, அவர் கையில் நின்றவர்கள் 714 பேர். அப்போது அவருக்கு வயது 37.

யாரும் போட்டி போட்டுக்கொண்டு கேட்கும் பொறுப்பு அல்ல அது.

714 பேர்

வாரன் பின்னாளில் எழுதிய கட்டுரைகளிலிருந்து அந்தக் கூடங்கள் எப்படி இருந்தன என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மங்கிய சுவர்கள், போதாத வெளிச்சம், நெருக்கமான கட்டில்கள். அவற்றில் பலவற்றுக்கு இரு பக்கமும் தடுப்புக் கம்பிகள். மூளை தெளிவாக இருந்தவர்கள், மறதி நோய் வந்தவர்கள், இளம் வயதிலேயே ஊனமானவர்கள் என எல்லாரும் ஒரே கூடத்தில் கலந்து கிடந்தார்கள். பலருக்கு என்ன நோய் என்பதே எங்கும் பதிவாகவில்லை. படுத்திருப்பவர் என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே அடையாளம்.

பல ஆண்டுகளுக்கு முன்னால் நிமோனியாவோ கால் முறிவோ வந்து சேர்ந்திருப்பார்கள். நோய் குணமாகியிருக்கும். ஆனால் குணமாகும்வரை படுக்கவைத்ததால், எழுந்து நிற்கும் சக்தி போயிருக்கும். எழுந்தால் விழுந்துவிடுவார் என்று மறுபடியும் படுக்கவைப்பார்கள். மடக்கிய நிலையிலேயே கிடந்த முழங்கால்கள் நாளடைவில் நீட்ட முடியாதபடி இறுகிவிடும். முதுகில் படுக்கைப் புண் வரும். சிறுநீர் கழிக்க எழுந்து போக முடியாதவர் படுக்கையிலேயே கழிக்கத் தொடங்குவார். அதோடு அவர் தேறமாட்டார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அவரும் அதை நம்பிவிடுவார்.

இதில் யாரும் கொடுமைக்காரர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். தாதியர் குறைவு, நோயாளிகள் அதிகம். படுத்திருப்பவர் விழமாட்டார். கட்டிலில் இருக்கும்வரை பாதுகாப்பு என்ற எண்ணம் அன்று மருத்துவர்களிடமும் இருந்தது. படுக்கை ஓய்வு என்பது மருந்துபோல எல்லா நோய்க்கும் எழுதித்தரப்பட்ட காலம். பிரசவமானாலும் மாரடைப்பானாலும் வாரக்கணக்கில் படுக்கைதான்.

தசைக்கு என்ன ஆகிறது?

வாரன் தன் கண்ணாலும் கையாலும் கண்டறிந்ததை இன்றைய ஆய்வுகள் எண்களில் சொல்கின்றன. அவர் கதையை இங்கே சற்று நிறுத்திவிட்டு அதைப் பார்த்துவிடலாம். உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு இது சுவையாகவே இருக்கும்.

நம் உடலில் தசைப் புரதம் ஒவ்வொரு நாளும் உடைந்துகொண்டும் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது. எழுந்து நடக்கும்போதும் எடையைத் தாங்கும்போதும், உருவாக்கு என்ற கட்டளை தசைக்குப் போகிறது. படுத்துவிட்டால் அந்தக் கட்டளை நின்றுபோகிறது. நோய் இருந்தால் உடலின் அழற்சி, புரதம் உடைவதை வேகப்படுத்துகிறது. மருத்துவமனை உணவு பிடிக்காமல் சாப்பாடும் குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

2007ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எந்த நோயும் இல்லாத மூத்தோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. பத்து நாள் முடிவில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. முழங்காலை நீட்டும் வலிமை சுமார் 15 விழுக்காடு இறங்கியிருந்தது.

15 விழுக்காடுதானே என்று தோன்றலாம். இருபது வயதில் எனக்கோ உங்களுக்கோ அவ்வளவு குறைந்தால் எம்ஆர்டி நிலையத்தின் படிகளில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நம்மிடம் தேவைக்கு மேல் நிறைய கையிருப்பு இருக்கிறது. 80 வயது பாட்டிக்கு அப்படியில்லை. தாழ்வான கழிப்பறை இருக்கையிலிருந்து எழ அவர் தன் தொடை வலிமையின் பெரும்பகுதியைச் செலவிடுகிறார். அதில் கொஞ்சம் குறைந்தாலும், முடியும் என்ற பக்கத்திலிருந்து முடியாது என்ற பக்கத்துக்கு வந்துவிடுவார். கையிருப்பே இல்லாத குடும்பத்துக்கு மாதச் சம்பளத்தில் 15 விழுக்காடு வெட்டு விழுவதைப் போன்றது அது.

விழுவதும் இதோடு சேர்ந்தது. கால் இடறினால் நாம் உடனே மற்றக் காலை முன்னால் வைத்துச் சமாளித்துவிடுகிறோம். அரை நொடிகூட ஆகாத அந்தச் செயலுக்குத் தொடையும் கெண்டைக்காலும் வேகமாகச் சுருங்க வேண்டும். தசை மெலிந்தவரால் அந்த ஓர் அடியை வைக்க முடிவதில்லை. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மருத்துவமனையிலோ புதிய இடம், தூக்கம் வரவைக்கும் மருந்துகள், இரவில் கழிப்பறைக்குப் போகும் அவசரம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

விழக்கூடாது என்று படுக்கவைக்கிறோம். படுத்ததால் தசை போகிறது. தசை போனதால் அடுத்த முறை எழும்போது விழுகிறார். 1935ல் வாரன் பார்த்தது இந்தச் சுழலில் சிக்கியிருந்தவர்களைத்தான்.

ஒவ்வொருவராக

அவர் செய்த முதல் வேலை, எல்லாரையும் முழுமையாகப் பரிசோதித்தது. இதயம், நுரையீரல், கண், காது, மூட்டு என ஒவ்வொன்றும். கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அந்த நோயாளிகளில் பலருக்கு அதுவரை அது நடந்ததே இல்லை. வயதாகிவிட்டது என்பது நோயின் பெயர் ஆகாது என்பது அவருடைய உறுதியான கருத்து. தளர்ச்சிக்குப் பின்னால் இரத்தசோகையோ இதய நோயோ கவனிக்காமல் விட்ட பக்கவாதமோ இருக்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

பிறகு நோயாளிகளை அவர்களின் நிலைக்கு ஏற்பப் பிரித்தார். எழுந்து நடமாடக்கூடியவர்கள் ஒரு பக்கம், படுத்திருந்தாலும் தெளிவாக இருப்பவர்கள் ஒரு பக்கம், குழப்ப நிலையில் இருப்பவர்கள் வேறு பக்கம் என்று. கூடங்களுக்கு வெளிர் நிறத்தில் சாயம் பூசச் செய்தார். வெளிச்சம் கூட்டினார். சுவரோரம் பிடித்து நடக்கக் கைப்பிடிகள், உட்கார வசதியான நாற்காலிகள் வந்தன. இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நம் வீவக வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. 2012ல் தொடங்கிய ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ், மூத்தோர் வசிக்கும் வீட்டுக் குளியலறைகளில் பொருத்தித் தரும் கைப்பிடிக் கம்பிகளும் வழுக்காத தரையும் அதே சிந்தனையிலிருந்து வந்தவைதான்.

பிறகுதான் கடினமான வேலை. படுத்தபடியே கை, கால்களை அசைக்கும் பயிற்சி. அடுத்து கட்டிலின் ஓரத்தில் உட்காருதல், நாற்காலிக்கு மாறுதல், நிற்றல், நடத்தல். பக்கவாதம் வந்தவர்களுக்கும் காலை இழந்த முதியவர்களுக்கும் தனித்தனிப் பயிற்சிகளை வகுத்தார். மருத்துவர் மட்டும் போதாது என்று, தாதியர், பிசியோதெரபிஸ்ட், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூக ஊழியர் எல்லாரையும் ஒரே குழுவாக்கினார். இன்று நம் மருத்துவமனைகளில் இது வழக்கமான ஏற்பாடு. அன்று முதியவர்களுக்காக இத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது புதுமை.

தாதியரை இதற்கு இணங்கவைப்பது எளிதாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒருவரைப் படுக்கையில் வைத்துத் துடைத்துவிடுவது வேகமான வேலை. அவரையே எழுந்து, உட்கார்ந்து, சட்டையை மாட்டிக்கொள்ள விடுவதற்கு மும்மடங்கு நேரம் ஆகும். அதோடு பயமும் உண்டு. நடக்கத் தொடங்குபவர் என்றைக்காவது விழத்தானே செய்வார்?

ஆனால் பலன் தெரியத் தொடங்கியது. இனித் தேறமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களில் கணிசமானோர் எழுந்து நடந்தார்கள். பலர் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ திரும்பிப் போனார்கள். அவர் பொறுப்பேற்றபோது 714ஆக இருந்த எண்ணிக்கை, காலப்போக்கில் சுமார் 240 படுக்கைகளாகக் குறைந்தது. அந்தக் குறைந்த படுக்கைகளில் முன்பைவிட அதிகமான நோயாளிகள் வந்து, தேறி, வெளியேறினார்கள். மிஞ்சிய இடத்தைக் காசநோய்ச் சிகிச்சைக்கு விட்டுக்கொடுத்தார். மருத்துவமனை நிர்வாகிகளை அசைத்தது இந்தக் கடைசிக் கணக்காகத்தான் இருக்க வேண்டும். கருணையால் மட்டும் யாரும் கட்டடத்துக்குச் சாயம் பூசுவதில்லை!

எழுத்தும் சங்கமும்

1943ல், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், தன் அனுபவத்தை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையாக எழுதினார். 1946ல் லான்செட் இதழில் இன்னொன்று. இரண்டிலும் அவர் கேட்டவை தெளிவானவை. முதியோர் மருத்துவம் தனித்துறையாக வேண்டும். அது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட கட்டடத்தில் இல்லாமல், எல்லாக் கருவிகளும் நிபுணர்களும் உள்ள பொது மருத்துவமனைக்குள்ளேயே இருக்க வேண்டும். மருத்துவ மாணவர்களும் தாதியர் பயிற்சி மாணவர்களும் அந்தக் கூடங்களில் பயில வேண்டும்.

துறையின் பெயர்கூட அவர் வைத்ததில்லை. மூப்பியல் மருத்துவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1909ல் உருவாக்கியவர் நியூயார்க்கில் பணியாற்றிய இக்னாட்ஸ் நாஷர். சொல் முன்பே இருந்தது. அதை ஒரு கூடத்தில், நோயாளிகளை வைத்து நடத்திக்காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது.

1947ல் வாரனும் அதே எண்ணமுள்ள சில மருத்துவர்களும் சேர்ந்து முதியோர் பராமரிப்புக்கான மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1959ல் அது பிரிட்டிஷ் மூப்பியல் மருத்துவச் சங்கம் என்று பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. அதே 1947ல்தான் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கையில் கிடப்பதால் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் வரும் கேட்டைப் பட்டியலிட்டுக் கிண்டலும் காட்டமுமாக ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவ இதழில் வந்த எழுத்துகளில் இன்றுவரை விரும்பிப் படிக்கப்படுபவற்றில் ஒன்று அது. ஆஷர் எழுதியதை வாரன் 12 ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்.

1948 ஜூலையில் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது, வறியோர் இல்லங்களில் கிடந்த ஆயிரக்கணக்கான முதியவர்கள் ஒரே நாளில் அரசாங்கத்தின் நோயாளிகள் ஆனார்கள். அவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஐசல்வர்த்தில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. மூப்பியல் மருத்துவ நிபுணர் என்ற பதவிகள் உருவாகின. பிரிட்டனிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் வாரனின் கூடங்களைப் பார்க்க வந்தார்கள்.

மோல்மீன் ரோடு, 1988

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரின் முதல் மூப்பியல் மருத்துவத் துறை 1988ல் தொடங்கியது. தொடங்கிய இடம் டான் டோக் செங் மருத்துவமனை. வறியோருக்காகப் பிறந்து, ஒரு காலத்தில் சிராங்கூன் ரோட்டு முனையில் நின்ற அதே மருத்துவமனை. இங்கிலாந்திலும் இங்கும் இந்தத் துறை ஏழைகளின் மருத்துவமனையிலிருந்தே முளைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. போக்கிடம் இல்லாத முதியவர்கள் அங்கேதானே இருந்தார்கள்.

அதே 1988ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கூட்டத்தில் இர்வின் ரோசன்பர்க் என்ற அறிஞர், வயதாவதால் தசை மெலிவதற்கு ஒரு பெயர் இல்லாததால்தான் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று சுட்டிக்காட்டினார். சதை, இழப்பு என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து சார்கோபீனியா என்று பெயரிட்டார். 2016ல் அது அனைத்துலக நோய்ப் பட்டியலின் அமெரிக்கப் பதிப்பில் தனிக் குறியீடு பெற்றது. ஆசிய உடலமைப்புக்கு ஏற்ற அளவுகளை வகுத்த நிபுணர் குழுவில் சிங்கப்பூர் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் குழு 2019ல் வெளியிட்ட அளவுகளில் சிலவற்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கெண்டைக்காலின் மிகப் பருத்த பகுதியைத் தையல் நாடாவால் அளந்தால், ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பது எச்சரிக்கை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடிகளோ அதற்கு மேலோ ஆனாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். கூடவே நீங்களும் செய்தால் அவர்களுக்கும் வேடிக்கையாக இருக்கும்.

வாரன் எதிர்த்த பழக்கம் முழுதாக ஒழிந்துவிடவில்லை. 2009ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நடக்கக்கூடிய மூத்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்த நேரத்தில் 83 விழுக்காட்டைப் படுத்தே கழித்தது தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க அரசாங்கக் காப்பீடு, மருத்துவமனைக்குள் விழுந்து ஏற்படும் காயத்துக்குக் கூடுதல் பணம் தருவதை நிறுத்தியிருந்தது. நோயாளி விழுந்தால் அது பதிவாகும். படுத்தே கிடந்து தசை போனால் எந்தப் படிவத்திலும் வராது. அப்படியிருக்க, எழுந்திருக்காதீர்கள் என்று சொல்வதுதான் யாருக்கும் எளிது.

நம் வீடுகளிலும் அது அன்பாக வெளிப்படுகிறது. தண்ணீர் எடுக்க எழுந்தால்கூட, நீங்க உக்காருங்க தாத்தா என்கிறோம். பணிப்பெண் ஊட்டிவிடுகிறார், தேக்கா சந்தைக்கு நடந்துபோய்க் கொண்டிருந்த பாட்டி சக்கர நாற்காலியில் போகிறார். மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ உண்மையிலேயே எழக்கூடாது என்று சொல்லும் நேரங்கள் உண்டு. அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற நேரங்களில் அவரை எழவிட்டு, பக்கத்தில் கை நீட்டி நிற்பதுதான் வாரனின் முறை. 2030ல் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்திருப்பார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வாரன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1960 செப்டம்பரில், ஜெர்மனியில் நடக்கவிருந்த ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில் கார் விபத்தில் சிக்கி இறந்தார். அப்போது அவருக்கு 62 வயது. ஓய்வு பெறாமல் பணியில்தான் இருந்தார். வார்க்வொர்த் ஹவுஸ் நோயாளிகளைப் பொறுப்பேற்று 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாணவர்களை முதியோர் கூடங்களுக்கு அனுப்புங்கள் என்று 1943ல் அவர் கேட்டது, இங்கே மருத்துவம், தாதிமை, பிசியோதெரபி படிப்பவர்களின் பயிற்சியில் இப்போது ஒரு பகுதி. கூடத்தில் ஒரு முதியவரைப் பார்த்ததும், அவர் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா என்று கவனிக்க அங்கே சொல்லித்தருகிறார்கள்.